முல்லைத்தீவுக்கு வருகிறவர்களுக்கு எதைக் காட்டப் போகிறோம்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலை விடுமுறை தொடங்கினால் வெளி மாவட்டத்து ஆசிரிய நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சேர், முல்லைத்தீவில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" திருகோணமலை என்றால் கோணேசர், பிரெட்ரிக் கோட்டை, நிலாவெளி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணம் என்றால் நல்லூர், கோட்டை, காசூரினா. எங்கள் ஊருக்கும் அந்த மூன்றும் உண்டு. கோயில், கோட்டை, கடற்கரை. ஆனால் கோட்டை கண்ணுக்குத் தெரியாது. கடற்கரையில் நின்றால் எங்கள் ஆட்களுக்கு 2004 ஞாபகம் வரும். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் 2009.

யுத்தம் முடிந்த கையோடு வெளியாட்களுக்கு இங்கே காட்டப்பட்டவை என்னவென்று மறக்க முடியாது. புதுக்குடியிருப்பில் புலிகளின் நீச்சல் தடாகம், நிலத்தடி வீடு, முள்ளிவாய்க்கால் கரையில் தட்டி நின்ற 'பாரா 3' என்ற ஜோர்தான் கப்பல், நந்திக்கடல் பக்கம் வெற்றிச் சின்னம். தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தடி வீட்டை 2013இல் இராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. அப்போது கிட்டடியில் சனம் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்தது. அந்தச் சனத்தை யாரும் படம் எடுத்ததாக நான் காணவில்லை.

இப்போது வேறு மாதிரி வருகிறார்கள். வற்றாப்பளையில் இறங்கிக் கும்பிட்டு, கடற்கரையில் நின்று, முள்ளிவாய்க்காலில் ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, பொழுதுபடத் திரும்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஊரை அப்படி மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தால் நடுவில் இருக்கிற கதை விட்டுப்போகும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளியாட்களுக்கு என்பதைவிட எங்களுக்கு என்றுதான் எழுதுகிறேன். காட்டப்போவது நாங்கள்தானே.

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுத் திரும்பினால் முல்லைத்தீவுப் பட்டினம் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைய. பாதி வழியில் ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில். குரக்கன் ஒட்டைச் சுட்ட கமக்காரனுக்கு நெருப்புக்குள்ளே லிங்கம் தெரிந்தது, அதனால் ஒட்டுசுட்டான் என்று பெயர் வந்தது என்பது ஊர்க்கதை. கதை நடந்ததோ இல்லையோ, இந்தக் காட்டை வெட்டிச் சுட்டு, குரக்கன் விதைத்து, பிறகு குளம் கட்டி வயலாக்கிய மனிதர்களின் வரலாறு அந்த ஊர்ப் பெயருக்குள் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். "சேர், அப்ப எங்கட ஊர்ப் பேருக்கு என்ன கருத்து?" என்று வரிசையாகக் கேட்கத் தொடங்குவார்கள்.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்டத்தான் கற்சிலைமடு. பண்டாரவன்னியன் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். தெரிந்தது பெரும்பாலும் நாடகம். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது மேடையில் வளர்ந்த கதை. முள்ளியவளை தந்த முல்லைமணி அவர்கள் 'பண்டாரவன்னியன்' நாடகம் எழுதினார். தமிழ்நாட்டில் கலைஞர் கருணாநிதி நாவலாகவே எழுதினார். அவை இலக்கியம். வரலாறு கொஞ்சம் வேறு.

ஒல்லாந்தர் 1782இல் வன்னியைப் படைகொண்டு பிடித்தார்கள். அதற்கு முதல் வன்னியர்கள் யானையைத் திறையாகக் கொடுத்துவிட்டு மற்றதில் தங்கள் பாட்டில் இருந்தவர்கள். பிடித்தபின் நாகல் என்ற ஒல்லாந்த அதிகாரி முல்லைத்தீவில் இருந்துகொண்டு வன்னியை நிர்வகித்தான். 1795இல் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது. 1803 ஜூனில் கண்டியில் பிரித்தானியப் படை அழிந்துபோனது. அந்தச் சூட்டோடு, 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். தளபதி ட்றிபேக் எஞ்சிய ஆட்களோடு வள்ளத்தில் ஏறி யாழ்ப்பாணத்துக்கு ஓடினான். இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. ஒக்டோபர் 31 விடியப்புறம், கற்சிலைமடுவில், அதே ட்றிபேக் வன்னியனைத் தோற்கடித்தான். இந்த வரலாற்றை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி. வன்னி மாவட்டங்களைப் பற்றிய அவருடைய கைநூல் 1895இல் வந்தது.

பிரித்தானியர் கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டார்கள். அது 'தோற்கடித்தான்' என்றுதான் சொல்கிறது. கொன்றான் என்று சொல்லவில்லை. வென்றவன் நட்ட கல்லை, தோற்றவனின் ஊர் தன்னுடைய வீரனுக்கான நினைவாக மாற்றிக்கொண்டது. ட்றிபேக்கின் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? கல் யார் நட்டாலும் அதை யார் வாசிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கோட்டையோ, போய்ப் பார்க்கிற மாதிரி இன்று இல்லை. ஆனால் ஓகஸ்ட் 25ஐ எங்கள் ஊர் மறக்கவில்லை.

இனி வற்றாப்பளை. இதைப் பற்றி ஒரு முஸ்லிம் வாத்தியார் எழுதுவது என்ன என்று சிலர் நினைக்கலாம். நம்பிக்கை அவரவருக்கு. வரலாறு ஊருக்கு.

மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து தங்கிய இடங்களில் பத்தாவது இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனது என்று சொல்வார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவியாக வந்தாள் என்பது கோயில் கதை. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமைப் பொங்கல் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடப்பதைத்தான் வெளியாட்கள் காண்பதில்லை. முதலில் பாக்குத்தெண்டல். அடுத்த திங்கள் தீர்த்தமெடுத்தல். சிலாவத்தைக் கடற்கரையில் கடல்நீரைக் குடத்தில் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி ஏழு நாள் எரியவைத்து, பிறகுதான் வற்றாப்பளைக்கு எடுத்துப் போவார்கள்.

உப்புநீரில் விளக்கு எரிவது பக்தர்களின் நம்பிக்கை, அதற்குள் நான் போகவில்லை. வரலாற்று வாத்தியாராக எனக்குக் கண்ணில் படுவது அந்தப் பாதை. கடல், பிறகு கமக்கார ஊர், பிறகு நந்திக்கடல். மீன் பிடிக்கிறவனின் தண்ணீர் இல்லாமல் நெல் விதைக்கிறவனின் பொங்கல் தொடங்காது. மாவட்டம் என்று கச்சேரி கோடு போட்டது 1978இல்தான். அதுவரை வவுனியாவோடுதான் பெரும்பகுதி இருந்தது. ஆனால் கடற்கரையையும் காட்டுப்புறத்தையும் ஒரே ஊராகக் கட்டியது இந்த மாதிரிப் பாதைதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கடுமையாக எதிர்த்தார். சமணச் செட்டிப் பெண்ணைக் கும்பிடுவதா என்பது அவருடைய கேள்வி. யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. வன்னியும் மட்டக்களப்பும் மாற்றவில்லை. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையிலிருந்து கயவாகு மன்னன் போனதாக வருகிறது. சிங்களச் சனம் அதே கண்ணகியைப் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறது. தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூர்மலையில் இன்று நடக்கிற இழுபறியைப் பார்க்கிறபோது இது ஞாபகம் வரும். பழைய பௌத்தக் கல் ஒன்று கிடைத்தால் அது சிங்களவருடையது என்று ஒரு பக்கம் பாய்கிறது, அப்படி ஒன்று இங்கே இருந்ததே இல்லை என்று மறுபக்கம் சொல்கிறது. மணிமேகலை தமிழில் எழுதப்பட்ட பௌத்தக் காப்பியம் என்பதை இரண்டு பக்கமும் வசதியாக மறந்துவிடுகிறது. அந்த விஷயத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். இங்கே விடுகிறேன்.

வற்றாப்பளையால் வெளிக்கிட்டு முள்ளியவளை ஊடாகப் பட்டினத்துக்குப் போகிறவர்கள் தண்ணீரூற்றைக் கடந்துதான் போவார்கள். நிற்கமாட்டார்கள். நிற்கச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தண்ணீரூற்று, பெயரே சொல்கிறது, ஊற்று உள்ள இடம். அங்கே ஊற்றங்கரைப் பிள்ளையார் இருக்கிறார். அதே ஊரில் பள்ளிவாசலும் முஸ்லிம் குடியிருப்பும் இருக்கிறது. நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், முல்லைத்தீவுப் பட்டினம் என்று எங்கள் சனம் தலைமுறையாக இருந்த இடங்கள். வயல், யாவாரம், மீன். 1981 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சனத்தொகை 77 ஆயிரம் அளவு. அதில் நூற்றுக்கு ஐந்து பேர் முஸ்லிம்கள். அதாவது நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. சின்னத் தொகைதான். ஆனால் நாலாயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம், ஒரு சந்தை, ஒரு மையவாடி எல்லாம் தேவைப்படும். அவையெல்லாம் இருந்தன.

1990 ஒக்டோபரில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியாவின் ஒரு பகுதி என்று, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கு முழுவதிலும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர். சில இடங்களில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், சில இடங்களில் இரண்டொரு நாள். பெரும்பாலானவர்கள் புத்தளத்திலும் அனுராதபுரத்திலும் போய் விழுந்தார்கள். அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் ஏறாவூரிலும் படுகொலை நடந்திருந்தது. கிழக்கில் தமிழ்க் கிராமங்களும் எரிந்தன. அந்தக் கணக்கில் வடக்கு முஸ்லிம்களுக்குப் பங்கில்லை. ஆனாலும் அவர்கள்தான் நடந்தார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. அதே மாதம் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இந்த வெளியேற்றத்துக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த சில நாட்களில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஆட்கள் தங்கள் சொந்த ஊரைப் 'பார்க்க' வந்தார்கள். பயணிகள் மாதிரி. காலையில் வந்து, கிணறு இருக்கிறதா என்று பார்த்து, வளவுக்குள் நிற்கிற மரத்தைத் தொட்டுப் பார்த்து, பின்னேரம் திரும்பினார்கள். சுற்றுலா என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இந்த ஊரில் உண்டு.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் (அவரும் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்) தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தச் சனத்தின் கணக்கை எழுதி வைக்கச் செலவழித்தார். 2018இல் காலமானார். அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்ல இடம் கொடுக்கட்டும். அவர் எழுதாவிட்டால் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்பதுகூட இன்று வாய்ப்பேச்சாகப் போயிருக்கும்.

இதை எழுதினால் உடனே ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். "அப்ப எங்களுக்கு நடந்தது?" நியாயமான கேள்வி. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ்ச் சனம் வெளியேற்றப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பி வந்தபோது அவர்களுடைய வயல் வெலிஓயாவுக்குள் போயிருந்தது. 2004 டிசெம்பர் 26, ஒரு ஞாயிறு காலை, கடல் பட்டினத்துக்குள் வந்தது. மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2009இல் மாவட்டமே வெறுமையாகியது. சனம் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவிலிருந்த அந்த ஒடுங்கிய மணல் துண்டுக்குள் நெருக்கப்பட்டது. செத்தவர் எத்தனை பேர் என்பதிலேயே இன்னும் உடன்பாடில்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்று 2011இல் எழுதியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே காலம் போகிறது. தப்பி வட்டுவாகல் பாலத்தால் வந்தவர்கள் மெனிக் பாமுக்குப் போனார்கள். 2012 செப்டெம்பரில் முகாமை மூடியபோது கடைசியாக ஏற்றப்பட்ட கேப்பாப்பிலவுச் சனம் சொந்த ஊருக்குப் போகவில்லை. சீனியாமோட்டைக் காட்டில் இறக்கப்பட்டது. 2017இல் அவர்கள் முகாம் வாசலில் மாதக்கணக்கில் இருந்து கேட்டுத்தான் கொஞ்சக் காணியாவது கிடைத்தது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் 'போ' என்று சொல்லப்படாத சனம் எது? தமிழர், முஸ்லிம், கரையோரத்தவர், காட்டுப்புறத்தவர், இந்துக்கள், கத்தோலிக்கர், எல்லோரும் ஒரு தடவையாவது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள். சொன்னவன் ஒவ்வொரு முறையும் வேறு. சில முறை கடல், பல முறை துப்பாக்கி. நாங்கள் திரும்பி வந்தவர்களின் ஊர். காணிப் பிரச்சினை வருகிறபோது மட்டும் இது மறந்துபோகிறது. திரும்பி வந்த ஒரு சனத்துக்குக் காணி கொடுத்தால் திரும்பி வந்த இன்னொரு சனம் மறிக்கிறது. முஸ்லிம் மீள்குடியேற்றத்துக்குக் காடு வெட்டப்படுகிறது என்று ஒரு பக்கம் ஊர்வலம், எங்களை இன்னும் வரவிடுகிறார்கள் இல்லை என்று மறுபக்கம் மனு. இரண்டு பக்கத்திலும் உண்மை கொஞ்சம், அரசியல்வாதிகளின் வாக்குக் கணக்கு நிறைய. பதினெட்டு இருபது வருடம் புத்தளத்தில் இருந்த குடும்பம் பெருகியிருக்கும் என்பது கணிதம். அதைச் சதி என்று சொல்லத் தேவையில்லை. அதேபோல, 2009இல் எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பம் தன் பக்கத்துக் காட்டைப் பற்றிப் பயப்படுவதையும் துவேசம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட ஏலாது.

கற்சிலைமடுவில் கல் இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் முற்றம் இருக்கிறது. சுனாமிக்கும் நினைவிடம் உண்டு. இராணுவத்துக்குச் சொல்லவே தேவையில்லை. 1990க்கும் 1984க்கும் வழியில் போகிறவர் நின்று வாசிக்கிற மாதிரி ஒரு பலகைகூட இல்லை. பெரிய தூபி ஒன்றும் கேட்கவில்லை. இன்ன ஊர்ச் சனம் இன்ன மாதம் இங்கிருந்து போனது, இன்ன வருடம் திரும்பி வந்தது என்று இரண்டு வரி. மூன்று மொழியிலும்.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை எங்கள் கடல் அமைதி. வாடை தொடங்கிக் கார்த்திகை, மார்கழி என்றால் குளிக்க இறங்க வேண்டாம். கரைவலை இழுக்கிற நேரம் போனால் கொஞ்சம் கை கொடுங்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு நிற்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. முள்ளிவாய்க்காலில் சிரித்துக்கொண்டு செல்பி எடுக்காதீர்கள், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள். வட்டுவாகலில் 2025 செப்டெம்பரில் புதிய பாலத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தால் வருகிறவர்கள் நேரத்தைக் கணக்கில் வையுங்கள். பழைய பாலத்தைக் கழற்றுகிற நாள் வந்தால், அதில் ஒரு துண்டையாவது கரையில் விட்டுவைக்கச் சொல்லிப் பிரதேச சபையில் இருக்கிற எங்கள் உறுப்பினர்கள் இப்போதே கேட்டுவைத்தால் நல்லது.

கடைசியாக ஒரு உதவி. 1990க்கு முந்திய முல்லைத்தீவுச் சந்தை, பட்டினக் கடைத்தெரு, தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடம், கொக்கிளாய்க் கரை, எந்தப் படமாக இருந்தாலும் அனுப்புங்கள். கலியாண வீட்டுப் படத்தின் பின்னால் தெரிகிற கடைப் பலகையும் எங்களுக்கு ஆவணம்தான். பழைய உறுதி, றிப்போட் காட், கடைப் பற்றுச்சீட்டு எதுவும் பரவாயில்லை. இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அங்கே அல்பத்துக்குள் இருக்கும். எங்களுடைய உம்மாமார், அம்மாமார் இருக்கும்போதே படத்தில் நிற்பது யார் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பொதுவில் போட விரும்பாதவர்கள் இன்பொக்ஸில் அனுப்பலாம். பெயர் வெளிவராது.